செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கும் முறை: முதலில் காகிதம், அப்புறம்தான் ஸ்டியரிங்

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் செய்வது, சாவியை வாங்கி ஒரு ரவுண்டு போவது. ஏ.சி. நன்றாகக் குளிர்கிறது, பாட்டு கேட்கிறது, பின்சீட்டில் பிள்ளைகள் "இதையே வாங்கிடலாம்ப்பா" என்கிறார்கள். மனசு விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்ணில் படும் குறை எல்லாம் சின்னதாகத்தான் தெரியும்.

சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்குமாக முப்பது வண்டிக்கு மேல் பார்த்துவிட்டேன். நான் மெக்கானிக் இல்லை. ஏமாந்தவர்களைக் கவனித்ததில் தெரிந்தது ஒன்றுதான்: எதைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது, பார்த்த வரிசைதான் தப்பு. அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு படியில் வண்டி தோற்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்த படிக்கான நேரமும் காசும் மிச்சம்.

1. வீட்டில் உட்கார்ந்தே: ஆர்.சி.யும் இன்சூரன்ஸும்

விற்பவரிடம் ஆர்.சி.யின் இரண்டு பக்கமும், நடப்பு இன்சூரன்ஸ் பாலிசியும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "நேர்ல வாங்க சார், காட்டுறேன்" என்று இழுத்தால் நான் கிளம்புவதே இல்லை.

வண்டி நம்பரை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். பதிவு தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ் முடியும் தேதி எல்லாம் கையில் உள்ள ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். நிலுவையில் அபராதச் சலான் இருக்கிறதா என்பதையும் பரிவாகனின் இ-சலான் பக்கத்தில் பார்த்துவிடலாம்.

ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தைத் தேடுங்கள். 2019 டிசம்பரில் தயாரித்து 2020 மார்ச்சில் பதிவான வண்டியை எல்லோரும் "2020 மாடல்" என்றுதான் விற்பார்கள். நீங்கள் விலை பேச வேண்டியது 2019க்கு. அடுத்து, எத்தனையாவது உரிமையாளர் என்ற எண். "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி" என்ற வசனத்துக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடும்.

ஹைப்போதிகேஷன் என்ற இடத்தில் பேங்க் பெயர் இருந்தால் கடன் இன்னும் ஆர்.சி.யில் உட்கார்ந்திருக்கிறது. "லோன் முடிஞ்சிருச்சு, பேர் மட்டும் எடுக்கல" என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பேங்க் தரும் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), கடன் பதிவை நீக்கும் படிவம் 35ம் இல்லாமல் அந்தப் பெயர் போகாது. இரண்டும் கைக்கு வந்த பிறகு பேசுங்கள்.

பாண்டிச்சேரி, கர்நாடக நம்பர் என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. வேண்டும், இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். விலை குறைவாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான். வரியைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியில் என்ன பார்ப்பது என்றுதான் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. தேதியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். நோ கிளைம் போனஸ் என்ற வரியைப் பாருங்கள். கிளைம் வாங்காத ஒவ்வொரு வருடத்துக்கும் அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு முறை கிளைம் வாங்கினால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஒரே ஆள் ஆறு வருடமாக வைத்திருக்கும் வண்டிக்கு 20 சதவீதம்தான் இருக்கிறது என்றால், அண்மையில் ஏதோ நடந்திருக்கிறது. பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டாலும் போனஸ் போய்விடும். ஆகவே குற்றம் சாட்ட வேண்டாம். "என்ன கிளைம் போட்டீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "பின் பம்பர்" என்று சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் போகும்போது பம்பரோடு நின்றதா என்று பார்க்கலாம்.

கடைசியாக சர்வீஸ் விவரம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டி என்றால், ஒவ்வொரு முறையும் மீட்டர் எவ்வளவு காட்டியது என்பது பதிவாகியிருக்கும். உரிமையாளரே அதைக் கேட்டு வாங்கித் தரட்டும். வெளியே சர்வீஸ் பார்த்த வண்டி என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை, பில்களைக் கேளுங்கள்.

2. கிளம்பும் முன்: நேரம், பை, கூட வரும் ஆள்

காலையில் போங்கள். வெயில் நன்றாக விழ வேண்டும். மழையிலும் டியூப் லைட் வெளிச்சத்திலும் எல்லாப் பெயிண்டும் ஒரே நிறம்தான்.

முதல் நாளே விற்பவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: வண்டியைக் கழுவ வேண்டாம், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஈரமான பாடியில் கீறலும் நிற வித்தியாசமும் தெரியாது. ஸ்டார்ட் செய்யாமல் ஏன் வைக்க வேண்டும் என்பதை ஏழாவது படியில் சொல்கிறேன்.

பையில் ஒரு டார்ச், கீழே படுத்துப் பார்க்கப் பழைய போர்வை, கொஞ்சம் டிஷ்யூ பேப்பர், துணி சுற்றிய சின்ன ஃபிரிட்ஜ் காந்தம். முடிந்தால் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் போனில் காட்டும் ஒரு ப்ளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர். கூட ஒரு ஆளும் வேண்டும், வாங்கப்போவது அவராக இருக்கக் கூடாது. பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

3. போனதும் முதல் வேலை: பானட்டில் கை, சேசிஸ் நம்பரில் கண்

வணக்கம் சொல்லிக்கொண்டே பானட்டில் கை வையுங்கள். சுடுகிறதா? அப்படியென்றால் உங்களுக்கு முன்பே ஓடியிருக்கிறது. சண்டை வேண்டாம், "நாளைக்குக் காலையில வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பாடியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

அடுத்து சேசிஸ் நம்பர். 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. எந்த இடத்தில் அடித்திருக்கிறார்கள் என்பது வண்டிக்கு வண்டி மாறும், பானட்டுக்குள் பின்சுவரிலோ முன்சீட்டுக்குக் கீழேயோ இருக்கும். ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். சுற்றிலும் கிரைண்டர் தேய்த்த தடமோ, அங்கே மட்டும் புதுப் பெயிண்டோ இருந்தால் அத்தோடு கிளம்பிவிடுங்கள். இது விலை பேசித் தீர்க்கிற குறை இல்லை. இன்ஜின் நம்பரும் அப்படியே.

4. பாடி: பெயிண்ட்டைப் பார்க்காதீர்கள், போல்ட்டைப் பாருங்கள்

கீறலும் நெளிவும் ஒரு பொருட்டே இல்லை. நம் ஊர்த் தெருவில் ஓடின வண்டியில் அது இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். தெரிய வேண்டியது, அடி எலும்பு வரை போனதா என்பது மட்டும்.

ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்துப் பேனலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கண்ணால் அளந்துகொண்டே ஒரு சுற்று வாருங்கள். இடது பக்கம் விரல் நுனி போகிற இடைவெளி, வலது பக்கம் நகம்கூடப் போகவில்லை என்றால் அந்தப் பக்கம் வேலை நடந்திருக்கிறது.

பானட்டைத் திறந்து கீல் போல்ட்களையும் ஃபெண்டர் போல்ட்களையும் பாருங்கள். ஃபேக்டரியில் போல்ட்டை மாட்டிய பிறகுதான் பெயிண்ட் அடிக்கிறார்கள், ஆகவே அதன் தலை முழுவதும் ஒரே பூச்சாக இருக்கும். முனையில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் யாரோ ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள். ஃபெண்டர் மாற்றியிருந்தால் பரவாயில்லை. அதற்கு உள்ளே ஏப்ரன் என்னும் உள்பக்கத் தகடும், ஹெட்லைட்டுக்குப் பின்னால் நீளமாகப் போகும் சேசிஸ் கையும் நேராக இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் ஒரே இடைவெளியில் வட்ட வட்டமாக இருக்கும். அந்த வட்டங்கள் இல்லாமல் கரடுமுரடான வெல்டிங் இருந்தால் வண்டியை நேராக்கி இழுத்திருக்கிறார்கள்.

கதவின் ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். ரப்பரில் பெயிண்ட் தூசி, அல்லது பீடிங்குக்கு அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி எடுத்த கோடு இருந்தால் அந்தப் பேனலுக்கு மறுபடி அடித்திருக்கிறார்கள். காந்தம் இரும்புப் பேனலில் பிடிக்காமல் நழுவினால் அடியில் பட்டி தடிமனாக இருக்கிறது. பம்பரில் காந்தம் ஒட்டவில்லை என்று ஒருவர் என்னிடம் பதறினார். பம்பர் பிளாஸ்டிக், ஒட்டாது.

கண்ணாடிகளின் மூலையில் கம்பெனிப் பெயரும் ஆண்டுக் குறியும் இருக்கும். எல்லாம் ஒரே காலத்தைச் சேர்ந்ததா? முன் கண்ணாடி மட்டும் புதிது என்றால் கல் பட்டிருக்கலாம். ஒரே பக்கத்தில் இரண்டு கதவுக் கண்ணாடியும் புதிது என்றால் கல் இல்லை.

டிக்கியில் கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள். பின்னால் வாங்கிய இடியை அந்தக் குழியில் மட்டும் யாரும் அழகாக மறைப்பதில்லை. நொறுங்கிய மடிப்பு, பூசி மெழுகிய சீலண்ட், துரு எல்லாம் அங்கேதான் கிடக்கும். "பின் பம்பர் கிளைம்" எவ்வளவு தூரம் உண்மை என்பதும் இங்கே தெரிந்துவிடும்.

5. வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, நெல்லை. தண்ணீரில் நின்ற கார்கள் கழுவிக் காயவைத்து வேறு ஊர்களில் விற்பனைக்கு வருகின்றன. இன்ஜினைச் சரிசெய்துவிடலாம். வயரிங்கும் கம்ப்யூட்டர் யூனிட்டும் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகப் படுக்கும், மெக்கானிக்காலும் காரணம் சொல்ல முடியாது. ஆகவே இதற்கென்று தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

சித்தப்பா மகனுக்காக மதுரையில் ஒரு பெட்ரோல் வண்டி பார்த்தோம். காகிதம் சுத்தம், பாடி சுத்தம், உள்ளே சீட் கவர் புதிது. புரோக்கர் "தண்ணி பக்கமே போகாத வண்டிண்ணே" என்று நான் கேட்காமலேயே சொன்னார். டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். முதல் மூன்று முழம் மெத்தென்று வந்தது. கடைசி ஒரு சாண் மட்டும் விறைப்பாக, அப்பளம் மாதிரி. அந்த இடத்தில் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. விரலால் தேய்த்ததும் மாவு போல வண்டல் ஒட்டியது. "டிரைவர் காபி கொட்டிட்டான்" என்றார் புரோக்கர். பின்சீட் பெல்ட்டையும் இழுத்தேன், அதே உயரத்தில் அதே கோடு. அந்த டிரைவர் நான்கு பெல்ட்டுக்கும் காபி கொடுத்திருக்கிறார்.

பெல்ட்டை மட்டும் நம்ப வேண்டாம், புதிதாக மாற்றியிருக்கலாம். முன்சீட்டை நகர்த்தும் தண்டவாளத்தில் துரு, டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள திருகுகளில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஈர வாடை, ஃபியூஸ் பாக்ஸ் மூலையில் மண் ஆகியவற்றைப் பாருங்கள். பத்து வருடப் பழைய வண்டியில் கார்ப்பெட் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தாலும் அப்படித்தான்.

6. மீட்டர் உண்மை பேசுகிறதா

டிஜிட்டல் மீட்டரையும் குறைக்கிறார்கள். ஆனால் வண்டியின் தேய்மானத்தைக் குறைக்க முடியாது. பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் மேல்பகுதி, கியர் நாப், டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு நான்கையும் பாருங்கள். மீட்டர் 30,000 காட்டும்போது பெடல் ரப்பர் வழவழவென்று இருந்தால் ஏதோ இடிக்கிறது.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரித்தது. 2019 வண்டி, மீட்டரில் 28,000, ஆனால் நான்கு டயரும் 2022இல் செய்தவை என்றால் முதல் செட் எங்கே போனது? நல்ல டயர் 40,000 கிலோமீட்டர் சாதாரணமாக ஓடும். ஸ்டெப்னி மட்டும் 2019 என்றால் கணக்கு இன்னும் தெளிவு. இங்கேதான் முதல் படியில் வாங்கிய சர்வீஸ் விவரம் கைகொடுக்கும்.

டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டோ சஸ்பென்ஷனோ கெட்டிருக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள், எட்டாவது படியில் தேவைப்படும்.

7. கோல்ட் ஸ்டார்ட்

என் முதல் காரை வாங்கப் போனபோது வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "ஏ.சி. போட்டு வச்சேன் சார், வெயிலா இருக்கேன்னு" என்றார் விற்றவர். மரியாதை என்று நினைத்தேன். மூன்றாவது மாதம் ஹெட் கேஸ்கெட் போய், வண்டி வாங்கிய சந்தோஷமும் போனது. சூடான இன்ஜின் பல குறைகளை மறைக்கும். ஆறிய இன்ஜினால் அது முடியாது.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து டிஷ்யூவில் துடையுங்கள். ஆயில் கறுப்பாக இருப்பது தப்பில்லை. டீசலில் மாற்றிய கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடும். அளவு குறைவாக இருப்பதும், பால் கலந்த காபி போல நுரைத்திருப்பதும்தான் தப்பு. நுரை என்றால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது. கூலன்ட் டப்பாவில் நிறமான திரவம் இருக்க வேண்டும். துருத் தண்ணீர் இருந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டர் மூடியை ஆறியிருக்கும்போது மட்டும் திறங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.

சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். இன்ஜின் செக், ஆயில், ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் எரிந்து, ஏர்பேக் விளக்கு சில நொடியில் தானாக அணைய வேண்டும். புதியவர்கள் விளக்கு எரிந்தால்தான் பயப்படுகிறார்கள். எரியவே இல்லை என்றால் இன்னும் பயப்படுங்கள். விளக்கைக் கழற்றிவிடுவது பழைய வித்தை.

இப்போது கூட வந்தவர் சைலன்சருக்குப் பின்னால் நிற்கட்டும், நீங்கள் ஸ்டார்ட் செய்யுங்கள். குளிர்காலக் காலையில் வரும் மெல்லிய வெண்மை நீராவி, சீக்கிரம் நின்றுவிடும். சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் எரிகிறது. நீலம் என்றால் ஆயில். கறுப்பு என்றால் டீசல், பெட்ரோல் அதிகம் எரிகிறது.

இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். லேசான மூச்சு சகஜம். இரயில் இன்ஜின் போலப் புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

8. இப்போது ஓட்டுங்கள்

பாட்டை நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள். கூட வருபவர் விற்பவரோடு பேசட்டும், நீங்கள் பேச வேண்டாம்.

முதலில் காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். சக்கரத்திலிருந்து "டக் டக் டக்" என்று வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட் போய்விட்டது. ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்குங்கள். கொட கொட சத்தம் லிங்க் ராடு, புஷ், லோயர் ஆர்ம் இவற்றில் ஏதோ ஒன்று. செலவு உண்டு, ஓட வேண்டியதில்லை.

கிளட்சுக்கு ஒரே ஒரு முறை: சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி அணைந்தால் கிளட்ச் நல்லது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது.

நேரான காலிச் சாலையில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் இழுக்கிறதா என்று. அறுபதில் பிரேக் அழுத்தும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. கடைசியில் பத்து நிமிடம் ஏ.சி. போட்டு நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். ஓடும்போது எல்லா ஏ.சி.யும் குளிரும். சிக்னலில் நிற்கும்போது குளிர்கிறதா, டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

9. லிஃப்டும் ஸ்கேனரும்

இதுவரை தேறிய வண்டிக்கு மட்டும் காசு செலவு செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றுங்கள், விற்பவர் சொல்லும் மெக்கானிக்கிடம் வேண்டாம். ஆயில் கசிவு, துரு, கிழிந்த ரப்பர் பூட், வளைந்த கிராஸ் மெம்பர் எல்லாம் அங்கேதான் தெரியும். கடற்கரை ஊர் வண்டி என்றால் துருவை இன்னும் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்கேனரில் கோளாறுக் குறியீடு ஒன்றும் இல்லை என்று வந்தால் உடனே மகிழ வேண்டாம். குறியீட்டை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதும் பல வண்டிகளில் தெரியும். அது 4 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வரும் வழியில் இருக்கும்போதுதான் அழித்திருக்கிறார்கள்.

10. விலை, பணம், பெயர் மாற்றம்

டோக்கன் அட்வான்ஸ் இந்தப் படிக்கு முன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வர்றாரு" என்றால் வரட்டும். அட்வான்ஸ் கொடுத்தவர் குறை கண்டுபிடிக்கப் பயப்படுவார்.

குறித்து வைத்த குறைகளுக்கு மெக்கானிக்கிடம் தொகை கேட்டு, அந்தத் தாளைக் காட்டி விலை பேசுங்கள். "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்பதைவிட "டயருக்கு இவ்வளவு, கிளட்சுக்கு இவ்வளவு" என்பதற்கு மறுத்துப் பேசுவது கஷ்டம்.

பணம் பேங்க் வழியாக, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கு மட்டும். புரோக்கர் கணக்குக்கு அனுப்பினால் பின்னால் பேச ஆள் இருக்காது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து, அவருடைய அடையாளச் சான்று நகல், ஒரிஜினல் ஆர்.சி., இரண்டு சாவி. டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். காலையில் அவர் வாங்கிய சலானுக்கு மாலையில் வாங்கிய நீங்கள் பொறுப்பில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

பெயர் மாற்ற விண்ணப்பத்தை 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். மாற்றாமல் இடித்தால் சொந்த வண்டிச் சேதத்துக்குக் கிளைம் கிடைப்பது சந்தேகம். விற்பவரின் நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது, அது ஆளோடு போவது. அந்த வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள்.

புது ஆர்.சி. கைக்கு வந்ததும் பெயர், இனிஷியல், சேசிஸ் நம்பர் மூன்றையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். என் தம்பிக்கு இனிஷியல் மாறி வந்தது. அடுத்த வருடம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதுதான் கவனித்தோம், திருத்த மறுபடி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடந்தோம்.